இறங்கி மாறுவதன் நியாயம்



புதிதாக ஒரு மெட்ரோ வழித்தடம் வரப்போகிறது என்று செய்தி வந்தால் மக்கள் முதலில் கேட்பது, ‘எங்கள் பகுதியிலிருந்து அங்கே நேராக வண்டி உண்டா?’ என்பதுதான். குடியிருப்போர் நலச் சங்கங்களின் மனுக்களிலும் சட்டமன்ற உறுப்பினர்களின் கோரிக்கைகளிலும் இதே கேள்விதான் இருக்கும். கேள்வியில் குற்றம் இல்லை. கையில் பிள்ளையும் தோளில் பையுமாக வருகிறவர், ஏறி உட்கார்ந்தால் போய்ச் சேருமிடத்தில்தான் எழுந்திருக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு. ஆனால் அந்த விருப்பத்தை அப்படியே வழித்தட வரைபடமாக ஆக்கிவிட்டால், விரும்பிக் கேட்டவர் உட்பட நகரத்தில் எல்லோருடைய காத்திருப்பும் கூடிவிடுகிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: விரைவு ரயிலின் ஒவ்வொரு வழித்தடமும் தனக்கென்று உள்ள தண்டவாளத்தில் தனித்தே ஓட வேண்டும். பயணி சந்திப்பு நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஆகும் நடையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது நிலையத்தை வடிவமைப்பவரின் முதல் கடமை. மூன்றாவதைச் செய்யாமல் முதலிரண்டை மட்டும் செய்கிற நகரம் தன் மக்களை வதைக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் இரண்டு புறநகர்கள், தெற்கிலும் கிழக்கிலும் இரண்டு புறநகர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புறநகருக்கும் மணிக்கு 12 வண்டி விட நம்மிடம் வசதி இருக்கிறது. எல்லோருக்கும் நேரடி வண்டி வேண்டுமென்றால் வடக்கிலிருந்து வரும் 12 வண்டிகளில் 6 தெற்கே போக வேண்டும், 6 கிழக்கே போக வேண்டும். மேற்கிலிருந்து வருபவையும் அப்படியே. அப்போது வடக்கிலிருந்து தெற்கே போகிறவருக்கு 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி. சராசரியாக அவர் 5 நிமிடம் காத்திருப்பார். இப்போது வடக்கு–தெற்கு ஒரு தடம், மேற்கு–கிழக்கு ஒரு தடம் என்று பிரித்துவிடுவோம். வண்டி எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் வடக்கிலிருந்து தெற்கே போகிறவருக்கு 5 நிமிடத்துக்கு ஒரு வண்டி கிடைக்கிறது. காத்திருப்பு இரண்டரை நிமிடமாகிறது. வடக்கிலிருந்து கிழக்கே போகிறவர் என்ன ஆனார்? புறப்படும் இடத்தில் இரண்டரை நிமிடம், மாறும் இடத்தில் இரண்டரை நிமிடம், ஆக மொத்தம் அதே 5 நிமிடம். மாறிப் போகிறவர் காத்திருப்பில் எதையும் இழக்கவில்லை. மாறாமல் போகிறவருக்குப் பாதி மிச்சம். மாறுகிறவருக்குக் கூடுதலாக விழும் சுமை ஒன்றே ஒன்று: ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிற நடை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் முழுவதும் இந்த நடையின் மேல்தான் நிற்கிறது.

கணக்கில் வராத இன்னொரு லாபமும் உண்டு. தடங்கள் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்பிட்ட நொடி ஒதுக்கப்பட்டிருக்கும். மேற்கிலிருந்து வரும் வண்டி ஏதோ ஒரு நிலையத்தில் கதவு மூடாமல் இரண்டு நிமிடம் தாமதித்தால் அந்த நொடி போய்விடும். அதற்காக வடக்கு வண்டி சிக்னலில் நிற்கும். அதன் பின்னால் வரும் வண்டியும் நிற்கும். ஒரு புறநகரின் கோளாறு நான்கு புறநகரையும் தொட்டுவிடும். லண்டனின் சர்க்கிள் தடம் இதற்குப் பழைய சாட்சி. 1884-இல் வளையமாக முழுமையடைந்த அந்தத் தடம், ஏறக்குறைய முழு நீளத்துக்கும் மற்றத் தடங்களோடு தண்டவாளத்தைப் பகிர்ந்துகொண்டு ஓடியது. வளையம் என்பதால் வண்டிக்கு முடியும் இடம் கிடையாது. தாமதத்தைச் சரிசெய்துகொள்ள நிற்குமிடமும் கிடையாது. 2009-இல் அந்த வளையத்தை உடைத்து, ஒரு முனையை எட்ஜ்வேர் ரோடிலும் மற்றொன்றை ஹாமர்ஸ்மித்திலும் முடித்தார்கள். நூற்றாண்டுக்கு மேல் வரைபடத்தில் இருந்த வட்டத்தைக் கைவிடுவது எளிதான முடிவல்ல. சுற்றி வந்தவர்களில் சிலர் அதன் பிறகு எட்ஜ்வேர் ரோடில் மாற வேண்டியதாயிற்று. சரியான முடிவு என்பதே என் கருத்து. ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலோ புறநகர் ரயில் தடங்களில் ஒன்றிரண்டு தவிர எல்லாமே 1972-இல் திறந்த ஒற்றைச் சுரங்கப் பாதை வழியாக நகர மையத்தைக் கடக்கின்றன. மையத்துக்கு எங்கிருந்தும் நேராக வரலாம் என்பது பெரிய வசதிதான். அந்தச் சுரங்கத்தில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் நகரத்தின் புறநகர் ரயில் மொத்தமும் தடுமாறுகிறது என்பது அதன் விலை. இரண்டாவது சுரங்கத்துக்கான பணியை 2017-இல் தொடங்கிவிட்டு, பெரும் பொருட்செலவோடு இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாதத்தின் மையத்துக்கு நம்மை அழைத்துப்போகும் ஒரு நிலையத்தைச் சொல்கிறேன். லண்டனின் நார்தர்ன் தடத்தில் வடக்கே இரண்டு கிளைகள். நகர மையத்தின் ஊடாகவும் இரண்டு கிளைகள். வடக்குக் கிளை ஒவ்வொன்றிலிருந்தும் மையக் கிளை இரண்டுக்கும் வண்டி போகிறது. அதாவது நான் மேலே சொன்ன கணக்கின் முதல் பாதி அப்படியே அங்கே நடக்கிறது. இதை இரண்டு தனித் தடங்களாகப் பிரித்துவிட்டால் இன்னும் நிறைய வண்டி விடலாம் என்று அதிகாரிகளுக்கு நீண்ட காலமாகத் தெரியும். பிரிக்கவில்லை. ஏன்? தண்டவாளம் தடுக்கவில்லை, சிக்னல் தடுக்கவில்லை. கிளைகள் சந்திக்கும் கேம்டன் டவுன் நிலையம்தான் தடுக்கிறது. தடத்தைப் பிரித்த மறுநாள் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே இறங்கி மாற வேண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தைத் தாங்க அங்குள்ள குறுகிய நடைவழிகளால் முடியாது. நிலையத்தைப் பெரிதாக்கும் திட்டம் 2018-இல் பணமில்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. ஒரு நிலையத்தின் நடைவழி, முழுத் தடத்தின் வண்டி எண்ணிக்கையையே முடிவு செய்கிறது. ரயில் திட்டங்களைக் கிலோமீட்டர் கணக்கில் அளந்து பெருமைப்படுகிறவர்கள் கேம்டன் டவுனின் படிக்கட்டுகளை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதே லண்டனில் விக்டோரியா தடம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1968-இல் திறக்கத் தொடங்கிய இந்தத் தடத்தில் கிளை கிடையாது. வேறெந்தத் தடத்தோடும் பயணிகள் வண்டி கலப்பதில்லை. 2017 முதல் நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 வண்டி, அதாவது 100 நொடிக்கு ஒன்று. தனித்து ஓடுவதால் அது கிடைத்தது என்று சொல்வது பாதி உண்மைதான். இதைக் கட்டியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ், ஃபின்ஸ்பரி பார்க், ஸ்டாக்வெல், யூஸ்டன் போன்ற சந்திப்புகளில் பழைய தடத்தின் வண்டியும் புதிய தடத்தின் வண்டியும் ஒரே நடைமேடையின் இருபுறமும் வந்து நிற்கும்படி செய்தார்கள். சில இடங்களில் அதற்காக ஓடிக்கொண்டிருந்த பழைய தண்டவாளத்தையே இடம் மாற்றினார்கள். பயணி ஒரு கதவைவிட்டு இறங்கி, சில அடி நடந்து, எதிர்க் கதவில் ஏறுகிறார். படியில்லை, சுரங்க நடையில்லை. வழித்தடத்தைப் பிரித்ததற்கும் நடைமேடையைச் சேர்த்ததற்கும் உள்ள தொடர்பை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

இந்தப் பாடத்தை அடித்தளத்திலேயே போட்டுக் கட்டியது சிங்கப்பூர். அங்கே 1987 நவம்பரில் ஐந்து நிலையங்களோடு ரயில் ஓடத் தொடங்கியது. வடக்கு–தெற்குத் தடமும் கிழக்கு–மேற்குத் தடமும் நகர மையத்தில் சந்திக்க வேண்டும். ஒரு நடைமேடையின் இருபுறமும் இரண்டு வண்டி நின்றால் சில திசை மாற்றங்கள்தான் எளிதாகும். எதிர்த்திசைக்குப் போகிறவர் மாடி ஏறி இறங்க வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி, சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் என்று அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் இரு தடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுவது. ஒரு நிலையத்தில் ஒரு வகைத் திசை மாற்றம், அடுத்த நிலையத்தில் மற்ற வகை. பயணி தன் திசைக்கு ஏற்ற நிலையத்தில் இறங்கினால் எதிரே வண்டி நிற்கும். ஹாங்காங்கிலும் மோங் காக், பிரின்ஸ் எட்வர்ட் நிலையங்கள் இப்படித்தான் ஜோடியாக வேலை செய்கின்றன. சுரங்கத்தை மேலும் கீழுமாக முறுக்கிக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் கட்டும்போது செலவு கூடத்தான் செய்யும். கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பயணிக்கும், பல பத்தாண்டுகளுக்கு அந்தச் செலவு திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்தே இன்னொரு சான்று. சாங்கி விமான நிலையத்துக்கு 2002-இல் ரயில் போனபோது, தீவின் மேற்கிலுள்ள பூன் லேயிலிருந்து நேராக வண்டி விட்டார்கள். மக்கள் விரும்பும் ஏற்பாடுதான். ஆனால் விமான நிலையத்துக்குத் திருப்பிவிடும் ஒவ்வொரு வண்டியும், கிளை பிரியும் தானா மேரா நிலையத்துக்கு அப்பால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழும் தெம்பினிஸ், பாசிர் ரிஸ் பக்கத்துக்குப் போகாத வண்டி. விமான நிலையக் கிளையில் கூட்டமும் குறைவாகவே இருந்தது. மறு ஆண்டே நேரடி வண்டியை நிறுத்தி, தானா மேராவில் மாறிக்கொள்ளும் தனி வண்டியாக்கிவிட்டார்கள். பெட்டியோடு வருகிற வெளிநாட்டுப் பயணியை இறங்கி மாறச் சொல்வதற்கு ஒரு அரசுக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவின் பயனை அனுபவித்தவர்கள் நாள்தோறும் வேலைக்குப் போகிற தெம்பினிஸ்வாசிகள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வலுவானது: ‘தாளில் 5 நிமிடமும் 5 நிமிடமும் சமமாக இருக்கலாம், மனிதர்களுக்கு அது சமமாக இல்லை.’ உண்மை. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைவிட நடக்கிற நிமிடமும் காத்திருக்கிற நிமிடமும் பயணிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரமாகத் தெரிகிறது என்றே போக்குவரத்துத் திட்டக்காரர்கள் கணக்கிடுவது வழக்கம். மாறுவதை மோசமாகச் செய்த நகரங்கள் இந்த மறுப்புக்கு வேண்டிய சான்றைத் தாராளமாகத் தருகின்றன. பாரிஸில் ஷாட்லே நிலையத்தின் நீண்ட நடைவழிகள் பேர்போனவை. டெல்லியில் இளஞ்சிவப்புத் தடத்தையும் விமான நிலையத் தடத்தையும் இணைக்கும் தௌலா குவான் மேல்நடைபாதை ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், 2019-இல் திறந்த அதில் நகரும் நடைபாதைகள் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வைக்கும் இடத்தைச் சந்திப்பு என்று வரைபடத்தில் போடுவது பயணிக்குச் செய்யும் நேர்மையல்ல. எனவே இந்த மறுப்பை நான் தள்ளவில்லை. என் வாதத்தின் நிபந்தனையாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். நடை இரண்டு மடங்கு பாரம் என்றால், நடையைக் குறைக்கச் செலவிடும் பணத்துக்கும் இரண்டு மடங்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பைத் திட்ட அறிக்கையில் யாராவது எழுதுகிறார்களா?

இரண்டாவது மறுப்பு முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் முன்வைக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவரை நடுவழியில் இறக்கி ஏற்றுவது முறையா? நேரடி வண்டி அவருக்கு உதவும்; மறுக்கவில்லை. ஆனால் எந்த நகரத்திலும் எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் நேரடி வண்டி விட முடியாது. ஐந்து தடம் கொண்ட ஊரில் பெரும்பாலான இடங்களுக்கு அவர் எப்படியும் எங்கேயோ மாறத்தான் வேண்டும். நேரடி வண்டி என்ற சமாதானத்தைக் காட்டிச் சந்திப்பில் மின்தூக்கி வைக்காமல் விட்ட நகரத்தில் அவர் வீட்டைவிட்டே கிளம்ப முடியாது. மாறுவதைச் சமதளத்தில் வைத்தால் முழு நகரமும் அவருக்குத் திறக்கிறது.

நியூயார்க்கைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அங்கே தடங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடுகின்றன; ஒரு பாதை அடைபட்டால் வண்டியை வேறு பாதையில் திருப்பிவிட முடிகிறது. அது மெய்யான வசதி. ஆனால் மன்ஹாட்டனின் முக்கியப் பாதைகளில் நான்கு தண்டவாளங்கள் இருக்கின்றன. அந்த அகலம் இருப்பதால்தான் திருப்பிவிட இடம் கிடைக்கிறது. இரண்டே தண்டவாளம் போடுகிற நகரங்கள் அந்த முறையைக் கடன் வாங்கினால் குழப்பம் மட்டுமே கைக்கு வரும்.

இப்போது சென்னை. இந்த நகரத்தில் 1931-இலேயே கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடியது. 1995-இல் பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 1997-இல் திருமயிலைக்கும் 2007-இல் வேளச்சேரிக்கும் நீண்டது. 2015-இல் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ திறந்தது. மூன்று தலைமுறை ரயில். மூன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு கையால் கட்டப்பட்டவை. விளைவைச் சென்ட்ரல் பகுதியில் பார்க்கலாம். நீண்டதூர வண்டிகளுக்குச் சென்ட்ரல், வடக்கு, மேற்குப் புறநகர் வண்டிகளுக்கு மூர் மார்க்கெட் வளாகம், தாம்பரம் வண்டிக்குப் பூங்கா, பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர், அவற்றுக்கு நடுவே பூமிக்கடியில் மெட்ரோ. கூப்பிடு தூரத்தில் ஐந்து நிலையங்கள்! ஊருக்குப் புதியவர் ஒருவருக்குப் பூங்காவுக்கும் பூங்கா நகருக்கும் வேறுபாடு யார் சொல்லுவார்கள்? மெட்ரோ வந்தபின் சுரங்க நடைபாதை இவற்றை ஓரளவு சேர்த்திருக்கிறது. ஆனால் ஒன்றாகத் திட்டமிட்டிருந்தால் ஒரே நிலையமாக இருந்திருக்க வேண்டிய இடம் அது.

பறக்கும் ரயிலின் பெரிய நிலையங்கள் பல காலம் வெறிச்சோடிக் கிடந்ததற்கு நிறையக் காரணம் சொல்கிறார்கள்: கால்வாய்க் கரையில் ஒதுங்கியிருப்பது, வெளிச்சமில்லாத மாடிகள், இணைப்புப் பேருந்து இல்லாமை. எல்லாம் உண்மை. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது, வேளச்சேரி முனையில் அந்தத் தடம் வேறெந்த ரயிலையும் தொடாமல் முடிந்ததுதான். பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் நீட்டித்தால் தாம்பரம் தடமும் மெட்ரோவும் ஒரே இடத்தில் கிடைக்கும். 2008-இல் தொடங்கிய அந்தப் பணி, ஆதம்பாக்கம் பக்கம் நிலம் எடுப்பதில் எழுந்த வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் நின்றது. அந்த ஒரு சந்திப்பு இல்லாததால் மொத்தத் தடமும் பாதிப் பயனோடு ஓடியது.

மெட்ரோவின் முதல் கட்டத்தில் நீல, பச்சைத் தடங்கள் ஆலந்தூரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன. மாடி ஏறினால் அடுத்த தடம்; நல்ல வடிவமைப்பு. இருந்தும் சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாக விமான நிலையத்துக்கு நேரடி வண்டி விட வேண்டும் என்று, பச்சைத் தடத்து வண்டிகளில் ஒரு பங்கை ஆலந்தூரில் நீலத் தடத்துக்குத் திருப்பினார்கள். கோளாறு ஏற்பட்ட நாள்களில் இந்த நேரடி வண்டியை நிறுத்தி, பயணிகளை ஆலந்தூரில் மாறிக்கொள்ளச் சொல்லி அறிவிப்பு வந்ததுண்டு. நெருக்கடியில் நம்பிக்கைக்குரியது எது என்பதை அந்த அறிவிப்பே சொல்லிவிடுகிறது. இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டருக்கு மூன்று தடங்கள். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமும் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடமும் ஆற்காடு சாலையில் சுமார் 5 கிலோமீட்டர் ஒரே பாதையில் போகின்றன. அங்கே இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் ஓட்டாமல், இரட்டை அடுக்கு மேம்பாலம் கட்டி ஆளுக்கொரு தண்டவாளம் கொடுத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய முடிவு. பூந்தமல்லியின் தாமதம் சோழிங்கநல்லூரைத் தொடாது.

திருமயிலைதான் உண்மையான சோதனை. பூந்தமல்லித் தடமும் சிறுசேரிக்குப் போகும் தடமும் அங்கே பூமிக்கடியில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சந்திக்கப் போகின்றன. கீழ்த்தளம் முப்பது மீட்டருக்கும் மேல் ஆழம். தலைக்கு மேலே பறக்கும் ரயில் நிலையம். அடி ஆழத்திலிருந்து பறக்கும் ரயிலின் நடைமேடைக்கு ஒருவர் எத்தனை நிமிடத்தில் வருவார்? நடுவில் எத்தனை முறை வரிசையில் நின்று, எத்தனை கதவுகளில் சீட்டைக் காட்டுவார்? தண்டவாளம் சந்திப்பதோடு சந்திப்பு முடிந்துவிடாது. கட்டணமும் சந்திக்க வேண்டும். சிங்கப்பூரில் 2010 முதல் பேருந்திலும் ரயிலிலும் சேர்ந்து போன மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். வண்டி மாறினால் அபராதம் இல்லை. சென்னையில் 2025-இல் வந்த சென்னை ஒன் செயலி ஒரே சீட்டுக்கு வழி செய்திருக்கிறது. ஒரே சீட்டு வேறு, ஒரே கட்டணம் வேறு. ஒவ்வொரு மாற்றத்திலும் குறைந்தபட்சக் கட்டணத்தை மறுபடி வசூலித்தால், நாம் பயணியை மாறச் சொல்லிவிட்டு மாறியதற்காகத் தண்டிக்கிறோம். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் வந்தது. குழுமத்தின் முதல் கூட்டம் 2022-இல்தான் நடந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கட்டிய நிலையங்களை இனி இடித்துக் கட்ட முடியாது. கட்டணத்தை மாற்ற இடிக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஆகவே இந்த அவையில் உள்ள பொறியாளர்களிடமும், மனு எழுதும் சங்கத்தாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நேரடி வண்டி கேட்டு மனு கொடுப்பதை விடுங்கள். உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள சந்திப்பில் ஒரு நடைமேடையிலிருந்து மற்றொன்றுக்கு, மின்தூக்கியில் போகிற முதியவருக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் கட்டத்தின் ஒவ்வொரு சந்திப்புக்கும் அந்த எண்ணை மெட்ரோ நிறுவனம் மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் இடங்களில், உள்வேலை முடிந்து சுவர் பூசுவதற்கு முன்பே நடைவழியைத் திருத்தச் சொல்லி வற்புறுத்துங்கள். இன்னும் நேரம் இருக்கிறது.